செல்வராணியின் கொச்சிக்காயும் ஆறு வெங்காயங்களும்

ஓய்வுபெற்ற மனிதரிடம் யாரும் சந்தேகம் கேட்கக்கூடாது. தீர்த்து வைக்கக் கிளம்பிவிடுவார்.

என் மனைவியின் தங்கை செல்வராணி கேட்டாள். தலவாக்கலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. முழங்கால் போனதால் தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு, கொச்சிக்காயையும் (காரமான மிளகாய்தான்) வெள்ளைப்பூண்டையும் உப்போடு அரைத்து, அடுப்பங்கரையில் புளிக்க வைத்து, போத்தலில் விற்று வந்தாள். இறம்பொடையில் ஒரு விடுதியின் மெனேஜர் ஜோசப், மாதாமாதம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது நடக்காவிட்டால் அவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து விடுதியில் தங்கிய ஒருவர், புளிக்க வைத்த சாமான் தின்றால் புற்றுநோய் வரும் என்று போனில் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மெனேஜர் பின்வாங்கினார்.

"மச்சான், நீங்க லெப்ல இருந்தவருதானே. இத தின்னா கேன்சர் வராதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவரு கேட்டுக்குவாரு."

"அப்படி வாயால சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணணும்" என்றேன். (அப்போதே அவள் கொழும்பு பஸ் ஏறியிருக்கலாம்.)

முறைகளை விளக்கினேன். மரபணுவைக் கெடுக்கிறதா என்று முதலில் பக்டீரியாவில் பார்க்க வேண்டும், பிறகு செல்களில், பிறகு எலிகளில். புற்றுநோய் என்றால் எலிகளை ஏறக்குறைய ஆயுள் முழுக்க வளர்க்க வேண்டும். எலி என்றதும் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். மிஞ்சியது வெங்காயம். விளையாட்டில்லை, அங்கீகரிக்கப்பட்ட சோதனைதான். வெங்காயத்தின் அடி ஒரு கரைசலில் படும்படி வைத்தால் வேர் விடும். அந்த வேர் நுனியை நசுக்கிச் சாயமிட்டு, நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், உடைந்திருக்கின்றனவா என்று நான் ஆய்வுகூடத்திலிருந்து ஓய்வுபெற்றபோது வாங்கிவந்த பழைய மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம்.

ஆறு கிளாஸ், ஆறு வெங்காயம். மூன்றில் வெறும் தண்ணீர், மூன்றில் நிறமும் மணமும் தெரியாத அளவுக்குத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய கொச்சிக்காய் விழுது. எதில் எது என்று சோதிப்பவனுக்குத் தெரியக்கூடாது. எனவே நிரப்பி 'அ', 'ஆ' என்று சீட்டு ஒட்டும் வேலையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். (சமையலறைக்கு ஜன்னலே அந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் முறை முறைதான்.)

சில நாள் கழித்து மெனேஜரையே வரவழைத்தேன். 'அ' வெங்காயங்களில் சாமியார் தாடி போல வெள்ளை வேர். 'ஆ' வெங்காயங்களில் பழுப்பாகச் சில முளைகள், அவ்வளவுதான். வேர் வளராததற்கும் புற்றுநோய்க்கும் இடையே நெடுந்தூரம். அதை நான் ஒரு வாய் தேநீரில் கடந்தேன். மைக்ரோஸ்கோப்பின் உறையைக்கூட எடுக்கவில்லை.

"மிஸ்டர் ஜோசப், ஆ-வுல இருக்கிறது செல்லுகளப் பெருகவே விடல. இத நான் நாய்க்குக்கூட வைக்க மாட்டேன்."

மெனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் கொழும்புக்கே போறேங்க மச்சான்."

"இருடி" என்றாள் என் மனைவி. "ஆ-வுல இருக்கிறது வெறும் தண்ணி. ஒங் கொச்சிக்கா அ-வுல இருக்கு."

"ரெண்டும் ஒரே தண்ணிதானே?" என்றேன்.

"திங்கிற சாமான்ல யாராச்சும் பச்சத்தண்ணி ஊத்துவாங்களா? அதுக்குக் கொதிக்க வச்சு ஆறுன தண்ணி ஊத்துனேன். நீங்க சும்மா தண்ணின்னீங்க, பைப்புல புடிச்சேன்."

அந்த வாரம் மழையில் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் சேறு இறங்கியிருந்தது. காலையில் குளோரின் தூள் போட்டவன் நான். போட்டது போதுமா என்ற ஐயத்தில் மாலையில் மறுபடியும் போட்டவனும் நான். கொதிக்க வைத்தால் குளோரின் போய்விடும். பைப்புத் தண்ணீரில் அப்படியே நின்று வெங்காயங்களை வதைத்திருக்கிறது.

மெனேஜர் கோப்பையைப் பார்த்தார். "சேர், நான் இப்ப குடிச்ச டீ?"

"அது கொதிச்சதுங்க" என்றாள் என் மனைவி.

ஒப்பீட்டுக்கு வைத்த தண்ணீரே கெட்டுப்போனால் சோதனை செல்லாது, கொச்சிக்காய் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. மெனேஜர் தானே ஒரு போத்தலைக் கண்டியிலுள்ள பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே விற்பனைக்குத் தேவையானதைப் பார்த்துச் சரி என்றார்கள். இப்போது மாதாமாதம் போத்தல்கள் இறம்பொடைக்குப் போகின்றன. எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் சேரக்கூடாது என்பது மெனேஜரின் நிபந்தனை. சிரிக்காமல்தான் சொன்னார்.

செல்வராணி கொழும்புக்குப் போகவில்லை. அதன் விளைவை நான் அனுபவிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எங்கே குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் அந்தப் போத்தல் வரிசையாக வரும். என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போகும்.

"மச்சானுக்கு வைக்காதீங்க" என்பாள் செல்வராணி. "ஒருத்தராச்சும் திங்காம இருந்தாத்தானே, நமக்கு ஏதாச்சும் ஆனா எதனாலன்னு கண்டுபுடிக்கலாம்."

முறைப்படி அதில் ஒரு தவறும் இல்லை. பருப்போடு சாப்பிடுகிறேன்.