மாப்பிள்ளையின் மூக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் நலம் என்றே நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தை எழுதத்தான் போகிறேன்.

தங்கள் மகன் பத்திரிகைக்கு ஒயின் விமர்சனம் எழுதுகிறார் என்று சம்பந்தம் பேச வந்தபோது பெருமையாகச் சொன்னீர்கள். அந்த வீட்டில் அவருடைய மூக்குக்குத்தான் ராஜ மரியாதை என்பதைச் சொல்லவில்லை. ஒயின் சுவைக்கிற நாளில் வெங்காயம் வதக்கக் கூடாது, வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது. என் மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு குழந்தை பிறந்தது. அதற்கு யார் தலையாட்டக் கற்றுத்தருவது? பால் வாசனை கலந்தால் மலைச்சரிவு ஒயினுக்கும் ஆற்றங்கரை ஒயினுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லையாம். தாயையும் பிள்ளையையும் டாக்சியில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

விடுவேனா? முழங்கால் தைலத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு நேரே போனேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார். தங்கள் மகனோ மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. என்மேல் அவ்வளவு அலட்சியம். எந்த ஊர் ஒயின் என்று தெரியாதிருக்க பாட்டில்களுக்கெல்லாம் காகித உறை போட்டிருந்தார். அப்புறம் அவரே உறையை விலக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறார், அது என்ன முறையோ. கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து உருட்டி, வாளியில் துப்பினார். எனக்கும் ஒரு கோப்பை. மரியாதைக்கு முழுங்கித் தொலைத்தேன். "முழுங்காதீங்க மாமா, துப்பிடணும்" என்றார். பிடித்ததையும் துப்புகிற மனுஷனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் சம்பந்தி? எப்போது கூட்டிப்போவதாக உத்தேசம் என்று கேட்டேன். கடலோரத்து ஒயின் இன்னும் பாக்கி இருக்கிறதாம். குனிந்த தலை நிமிரவில்லை.

மகளோ, பிள்ளை தூங்கினால் அவருடைய பழைய விமர்சனங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூக்கா குடும்பமா என்று மகனிடம் கேட்டு ஒரு முடிவு சொல்லுங்கள். இல்லையென்றால் நம் உறவு இந்தக் கடிதத்தோடு சரி.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பேரனுக்குத் தங்கள் ஆசியைத் தபாலில் அனுப்பினால் போதும், அதற்கு வாசனை கிடையாது.

இப்படிக்கு,
பெண்ணைக் கொடுத்தவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளை வந்து நிற்கிறார். பிள்ளையை வாங்கி, உச்சந்தலையில் மூக்கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "ஒரு காய்ச்சல் வந்ததுல வாசனை தெரியாமப் போன மூக்கு மாமா, இன்னும் திரும்பலை. இவன் பொறக்கிறதுக்கு முன்னாடியே போச்சு. பத்திரிகையில தெரிஞ்சா வேலை போயிடும். பால் தீயற வாசனைகூட வரலையான்னு இவ ஒருநாள் கேட்டா. கண்டுபிடிச்சிடுவாளேன்னுதான் அனுப்பிட்டேன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பேரன் மடியிலேயே காரியத்தை முடித்திருந்தான். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை.

மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். நல்ல மூக்கு டாக்டர் தெரிந்தால் சொல்லுங்கள். பிள்ளையின் தலை எப்படி மணக்கும் என்று மாப்பிள்ளை கேட்கிறார். என் மகள் கோபம் தீராமல்தான் சொல்கிறாள்; இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.