கம்பளத்தில் நின்ற ஆள்

கம்பளத்தில் ஓர் ஆள் நின்றிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கே இல்லை.

ஒனேசிம் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தான். ஆள் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். அப்போதும் போகவில்லை, கொஞ்சம் மங்கலானான், அவ்வளவுதான்.

அந்தக் கம்பளம் அவன் மனைவி அதெலீஸ் போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, சாக்குத்துணியில் கொக்கி ஊசியால் கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் போட்டது. வலது ஓரத்தில் சிவப்புக் கதவு வைத்த வீடு, இந்த வீடேதான். இடது ஓரத்தில் படகுத்துறை. நடுவில் முழுக்க மூடுபனி, வெறும் சாம்பல் நிறம்.

"இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா விட்டிருக்கியே, ஒரு பசுமாடாவது போடக் கூடாதா?" என்று அவன் அப்போதே கேட்டான்.

"மூட்டம்னா மூட்டம்தான்," என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அந்தச் சாம்பல் வெயில் பட்டு வெளுத்துப் பழைய எலும்பு நிறத்துக்கு வந்திருந்தது. அதன் நடுவே, வெளுக்காத சாம்பலில், அந்த ஆள். தொப்பியைக் காதுவரை இழுத்திருந்தான். வலது தோள் இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளக் கோட்டு. முகத்தில் கண் மூக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பார்க்கிறான் என்று தெரிந்தது.

அந்தக் கோட்டை ஒனேசிமுக்கு நன்றாகத் தெரியும். அது லியோனீடின் கோட்டு. அதெலீஸின் முதல் புருஷன் லியோனீட், பன்னிரண்டு வருஷம் ஒனேசிமோடு ஒரே படகில் சிங்கிறால் பிடித்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தனியாகப் போனான். மூட்டம் இறங்கியது. படகு மட்டும் திரும்பி வந்தது. கூண்டுக் கயிற்றை ஒரே பக்கமாக இழுத்து இழுத்து அவனுக்கு வலது தோள் இறங்கிப் போயிருந்தது. எங்கள் ஊர் ஷெட்டிகாம்பில் பாதி ஆம்பளைகளுக்கு அப்படித்தான், ஆனால் பயந்தவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

லியோனீட் கடைசியாகப் போனபோது வேறு கோட்டில் போனதால் இது ஆணியில் மிஞ்சியது. இரண்டு வருஷமாக அதைப் போட்டுக்கொள்வது ஒனேசிம்தான். இருந்தாலும் அடுத்தவன் பொருள் அடுத்தவன் பொருள்தானே.

அவனுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு வலியும் இருந்தது. லியோனீடின் வீட்டில், லியோனீடின் நாற்காலியில் உட்கார்ந்து, லியோனீடின் மனைவி சமைத்த கருவாட்டைத் தின்னும்போதெல்லாம், இவள் மனசில் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறதா என்ற கேள்வியை அவன் உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். கேட்கத் தைரியம் வரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அதெலீஸ் இப்போது ஊரில் இல்லை. பாஸ்டனில் தங்கைக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறதென்று ஜூன் தொடக்கத்திலேயே போய்விட்டாள். கூடவே தன் மகனைப் பார்க்க சேலியும் போயிருந்தாள். ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் சாக்கில் கரியால் படம் வரைந்து, சாயமும் காய்ச்சிக் கொடுப்பவள் சேலிதான். இருவரும் ஆகஸ்ட் பதினாலாம் தேதி, மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள், பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஒனேசிம் முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

திரை பழசு, நடுவில் ஒரு விரற்கடை சேராது. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது, அந்த இடுக்கு வழியாக வந்த வெயில் கம்பளத்தில் வெள்ளையாக ஒரு கோடு போட்டிருந்தது. துறையில் ஆரம்பித்து, அந்த ஆளின் கால் வழியாக, நேரே வீட்டுக் கதவுவரை. இதற்கு முன் நிற்க மட்டும் இடம் இருந்தவனுக்கு இப்போது பாதையும் கிடைத்துவிட்டது.

அடுத்து கம்பளத்தைத் திருப்பிப் போட்டான். எங்கள் ஊரில் இது வழக்கம்தான். வாரநாளில் பின்பக்கம் மேலே, ஞாயிற்றுக்கிழமையும் சாமியார் வரும்போதும் முன்பக்கம் மேலே. அதெலீஸ் போனதிலிருந்து அவன் அதைத் திருப்பவே இல்லை, அதனால் பின்பக்கம் வெயில் படாமல் புதுசு போல இருந்தது. முழுக்க சாம்பல், ஆள் அரவமே இல்லை. ஒனேசிம் அன்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து மத்தியானத் தூக்கம் போட்டான்.

பத்தாம் நாள் தூங்கி எழுந்தபோது எதிரே அவன் நின்றிருந்தான். முன்பக்கத்தில் ஜன்னலைப் பார்த்து நின்றவன், திருப்பிப் போட்டதில் இப்போது நாற்காலியைப் பார்த்து நின்றான்.

"சரி, உன் நாற்காலிதான், ஒத்துக்கறேன்," என்று ஒனேசிம் வாய்விட்டே சொன்னான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அன்றிலிருந்து முக்காலியில் உட்கார ஆரம்பித்தான்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தவனைப் பக்கத்து வீட்டு பிளாசீட் வந்து பார்த்தான். பிளாசீட் கல்யாணம் ஆகாதவன், அதனால் குடும்ப விஷயம் எல்லாவற்றுக்கும் அவனிடம் யோசனை உண்டு.

"என்னண்ணே, நாற்காலிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ கம்பளத்தைப் பாரு."

பிளாசீட் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து வாசலைப் பார்த்தான், தன் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள.

"லியோனீட் அண்ணன் மாதிரி இருக்கு."

"மாதிரியா?"

"சரி, அவரேதான். ஆனா இது பேயில்லண்ணே. ரெண்டு சாயம். ஒண்ணு மட்டமான பொட்டலம், வெயில் பட்டாப் போயிரும். இன்னொண்ணு உசத்தி, உசிரே போனாலும் சாயம் போகாது. போடும்போது ரெண்டும் ஒரே சாம்பலாத்தான் தெரியும்."

பேய் என்றிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது ஒனேசிமுக்கு. "அப்போ அவளேதான் வேணும்னு அவனைப் போட்டிருக்கா. அதுவும் உசத்திச் சாயத்துல."

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"நீ சொல்ல வேண்டாம்."

"காடித் தண்ணியில ஊறப் போட்டா சாயம் இறுகிடும். மூட்டம் இதுக்கு மேல வெளுக்காது," என்றான் பிளாசீட். பிளாசீடிடம் யோசனை கேட்டவன் மறுபடி பிளாசீடிடம்தான் போகவேண்டி வரும் என்று ஊரில் சொல்வார்கள்.

இரண்டு பேரும் துணி துவைக்கும் தொட்டியில் காடியை ஊற்றிக் கம்பளத்தை ஊறவைத்தார்கள். தொட்டித் தண்ணீர் முதலில் சாம்பலானது, பிறகு சிவப்பானது. தூக்கிப் பார்த்தால் மூட்டத்தில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சமும் கழுவிக்கொண்டு போயிருந்தது. கதவின் சிவப்பு ஒழுகி, அந்த ஆளின் இரண்டு கையிலும் இறங்கியிருந்தது.

"இப்போ கொஞ்சம் பயமாத்தான் இருக்குண்ணே," என்றான் பிளாசீட்.

"காய்ஞ்சா சரியாப் போகுமா?"

"காயட்டும், பார்ப்போம்." அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

ஈரக் கம்பளம் கன்றுக்குட்டி கனம் கனக்கும். வீட்டுக்குள் காயாது. ஒனேசிம் அதைச் சாலையோர வேலியில் விரித்தான். வேலியில் விரித்ததைப் பார்க்காமல் போக எங்கள் ஊரில் யாருக்கும் கண் குருடில்லை. முதலில் வந்தவள் கோயில் மணி அடிப்பவரின் மனைவி ஃபிலோமேன். கம்பளத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மூட்டத்துல ஆள் வச்சிருக்காளா உம் பொண்டாட்டி?"

"அப்படித்தான் தெரியுது."

"இது பழைய வேலையாச்சே, ஒனேசிம். புருஷன் கடல்ல இருந்தா, அவனுக்கே தெரியாம அவனைக் கம்பளத்துல ஒளிச்சு வைப்பாங்க. வெயில் மூட்டத்தைத் தின்னத் தின்ன, அவன் வழி தெரிஞ்சு வீட்டுக்கு வந்து சேருவான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உசிரோட இருக்கிறவனுக்குத்தான் வைப்பாங்க. செத்தவனுக்கு வச்சு நான் பார்த்ததில்ல. செத்தவனும் வழி தெரிஞ்சு வந்துட்டான்னா என்ன பண்றது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அன்று சாயங்காலமே ஒனேசிம் பங்குச் சாமியாரிடம் போய், லியோனீடின் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வைக்கச் சொன்னான், ரகசியமாக. ஞாயிற்றுக்கிழமை சாமியார் அதைப் பீடத்திலிருந்தே படித்தார். "இரண்டாவது கணவர் ஒனேசிமின் வேண்டுகோளுக்கிணங்க" என்பதையும் விடாமல் படித்தார்.

பூசை முடிந்ததும் ஊர் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை, ஒனேசிமின் வீட்டுக்கு வந்தது. இறைச்சி அடைத்த அப்பங்களும் வெல்லப்பாகு ரொட்டியும் மேசையில் குவிந்தன. பெண்கள் கம்பளத்தைச் சுற்றி முட்டிபோட்டுச் செபமாலை சொன்னார்கள். ஆம்பளைகள் சுவரோரம் நின்று லியோனீட் எவ்வளவு நல்லவன் என்று பேசிக்கொண்டார்கள். ஒனேசிமைப் பார்த்தவர்களெல்லாம் அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். தன் வீட்டிலேயே, தன் அப்பத்தைத் தானே எடுத்துத் தின்னக் கூச்சமாக இருந்தது அவனுக்கு. கம்பளத்தில் நின்றவன் மட்டும், வீட்டுக்காரன் மாதிரி, யாருக்கும் வழிவிடாமல் நின்றான்.

ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி காலையில் ஒனேசிம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கம்பளத்தின்மேல் மண்டியிட்டான்.

கொக்கி ஊசிக் கம்பளத்தில் முடிச்சு கிடையாது. ஒரு நுனி கிடைத்துவிட்டால் போதும், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். தொப்பியின் உச்சியில் நுனியைப் பிடித்தான். முதலில் தொப்பி போனது. பிறகு முகம், இறங்கிய தோள், கோட்டு. நூல் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் கம்பளம் கிடந்த இடத்தில் அன்று வெயில் இல்லை. கால் இரண்டையும் இழுத்து முடித்தபோது அவனுக்கே முழங்கால் துவண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

நூலைச் சுருட்டி அடுப்பில் போட்டான். கம்பளி சட்டென்று எரியாது. கருகிச் சுருண்டு, முடி பொசுங்குகிற நாற்றத்தோடு வெகுநேரம் கிடந்தது. அவன் அங்கேயே நின்று கடைசிவரை பார்த்தான். லியோனீட்மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை. அழுகைதான் வந்தது, கொஞ்சம் அழுதான்.

பிறகு அதெலீஸின் கூடையிலிருந்து வெள்ளை நூலை எடுத்து ஓட்டையை அடைத்தான். கயிறு முடிந்த கை, கம்பளம் எங்கே போடும்? ஆள் இருந்த இடத்தில் ஆள் அளவுக்கு ஒரு வீக்கம் நின்றது.

மறுநாள் பஸ் வந்தது. கடலிலிருந்து மூட்டமும் ஏறி வந்துகொண்டிருந்தது. அதெலீஸ் முன்னால் வந்தாள், அவள் பயணப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சேலி பின்னால் வந்தாள். அதெலீஸ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே முன்னறைக்குப் போனாள்.

"வெயில்ல கொஞ்சம் வெளுத்துப்போச்சு," என்றான் ஒனேசிம். "நடுவுல நானே சரி பண்ணிட்டேன்."

அவள் அந்த வெள்ளை வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க நின்னவன் எங்க?"

"அடுப்புல."

அதெலீஸ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். ஆணியிலிருந்த கோட்டை எடுத்துச் சுவரோர மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மரப்பெட்டிமேலேயே உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாளைக்குத் திருநாள், ஊர்வலத்துக்குப் படகைக் கடல்ல இறக்கணும். கோட்டை எதுக்குப் பூட்டறே?"

"நீ எங்கயும் போகல."

இரண்டு வருஷமாக உருளைக்கிழங்கோடு விழுங்கியதெல்லாம் ஒனேசிமுக்கு அப்போது தொண்டைக்கு வந்தது.

"செத்தவனுக்குப் போகாத சாயம் போட்டே. ஊரே வந்து கும்பிட்டுப் போச்சு. நான் முக்காலியில உட்கார்ந்திருந்தேன். என்னை எதுல போட்டிருக்கே, அதெலீஸ்? அதைச் சொல்லு போதும்."

அதெலீஸ் சேலியைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலி மறைந்துவிட்டது. சேலி பயணப் பெட்டியின் கைப்பிடியை மெதுவாகக் கீழே விட்டாள்.

"அது நீதான், ஒனேசிம்," என்றாள் சேலி. "லியோனீடுக்கும் இவ இப்படி ஒரு கம்பளம் போட்டா. அவனும் இப்படித்தான், அது நீன்னு நினைச்சுக்கிட்டு, தன்னையே உருவி அடுப்புல போட்டுட்டுக் கடலுக்குப் போனான்."