கப்பலின் அடியில் பூசுகிற பெயின்ட்

வெள்ளவத்தை
12.08.1997

மதிப்புக்குரிய முத்துலிங்கம் மாமாவுக்கு,

மீன் முட்டைக்குள் ஒரு புள்ளி துடித்தது. நலம் விசாரிக்கும் முன் இதைச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கு நானும், நான் வேலைக்கு நிற்கிற வீட்டு ஒஸ்வால்ட் சேரும் சுகம். கொச்சிக்கடையில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க முருகனையும் அந்தோனியாரையும் சேர்த்தே கும்பிடுகிறேன். போனில் கதைத்திருக்கலாம். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, சேருக்குக் கேட்கும்.

சேர் அழகு மீன் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடைகளுக்குக் கொடுப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருப்பதால், முட்டைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொல்வது என் வேலை. மாமா, அந்த முட்டை கடுகை விடச் சிறியது, கண்ணாடி மாதிரித் தெளிவானது. இன்று காலை இட்டதை நாளைக் காலை பார்த்தால் உள்ளே கண் இருக்கிறது, வால் இருக்கிறது. பின்னேரத்துக்குள் ஒரு புள்ளி துடிக்கத் தொடங்கிவிடுகிறது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைப் பார்க்கச் சம்பளமும் தருகிறார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். சிமெந்துத் தொட்டியில் பாசி தேய்த்தே என் நகமெல்லாம் போய்விட்டது என்று நான் சொன்னதும், நீங்கள் வேலை செய்கிற துறைமுகத்தில் கப்பல்காரர் எறிந்த டப்பாவில் மிஞ்சிய சாம்பல் நிறப் பெயின்ட்டை நீங்கள் சோற்றுப் பைக்குள் வைத்து, மூன்று செக் பொயின்ட் தாண்டிக் கொண்டுவந்தீர்கள். "கப்பலுக்கு அடியில பூசுறது புள்ள. பாசி, சிப்பி ஒண்ணும் கிட்ட வராது" என்றீர்கள். சேர் கலியாண வீடொன்றுக்குக் கண்டி போயிருந்த நாட்களில் நான் தொட்டியின் உட்பக்கம் முழுவதும் பூசிக் காயவைத்து, தண்ணீர் நிரப்பி வைத்தேன். சேர் வந்து தடவிப் பார்த்து, "இப்பதான் தொட்டி மாதிரி இருக்கு" என்று மெச்சினார். பாசி வரவில்லை. குஞ்சும் வரவில்லை. பெரிய மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, போட்டதையெல்லாம் தின்றன. முட்டைக்குள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. குஞ்சின் முதுகு வளைந்து, இதயத்தைச் சுற்றி நீர் கட்டி, அந்தப் புள்ளி நூலாக இழுபட்டுத் துடித்தது, நின்றது, யோசித்துவிட்டு மறுபடி துடித்தது. பக்கத்து வீட்டு அஸீஸா ஆன்ட்டி இரவில் கடிக்கிற நுளம்புக்கு அடிக்கிற மருந்துதான் காரணம் என்று சேர் மதிலடிக்குப் போனார்.

"உங்கட மருந்து என்ட முட்டைக்குள்ள போகுது."

"உங்கட மூளைக்குள்ளயும் போயிருக்கும் ஒஸ்வால்ட். நுளம்பு மட்டுந்தான் சாகுதில்ல."

இப்போது சேர் மாநகர சபைக்கு மனு எழுதுகிறார். ஆன்ட்டி எனக்கு வட்டிலப்பம் தருவதை நிறுத்திவிட்டார். ஆனால் அதே மீனின் முட்டைகளில் கொஞ்சத்தை நான் வேறு தண்ணீர் விட்ட ஜாம் போத்தலில், அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவை எல்லாம் பொரித்து நீந்துகின்றன. ஆகவே நாம்தான், மாமா. அவ்வளவு பெரிய கப்பலைக் காக்கிற சாமான், கடுகுக்குள் போய் ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்திருக்கிறது. நினைத்தால் கை கூசுகிறது.

சொன்னால் என் வேலை போகும். டப்பா எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் உங்கள் துறைமுகப் பாஸும் போகும், இந்த யுத்த காலத்தில் அதோடு விடவும் மாட்டார்கள். அதனால் நான் வாய் திறக்கப்போவதில்லை, நீங்களும் திறக்காதீர்கள். மனுவுக்குப் பதில் வருவதற்குள் பெயின்ட்டைச் சுரண்டிவிடுவேன். தபாலில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று, மீன் ஏற்றிப்போக வரும் மஜீட் நானாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாமிக்கு என் அன்பு. பிள்ளைகள் காய்ச்சல், இருமல் இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ரமணி

பி.கு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சேர் வேறு இடத்தில் வாங்கிய முட்டைகளை ஒரு கோப்பையில் கொண்டுவந்து, "பார் பிள்ளை, துடிக்குதா?" என்று கேட்டார். பார்த்தேன். இருநூறு இருக்கும், எல்லாம் துடித்தன. "ஓம் சேர்" என்றேன். அவர் தொட்டிக்கு மேல் கோப்பையைச் சரித்தார்.

"ஊத்தாதீங்க சேர். ஆன்ட்டி ஒண்ணும் செய்யல்ல. தொட்டிக்குள்ள நான்தான் பெயின்ட் பூசினேன். கப்பல் பெயின்ட்."

"எங்கால கிடைச்சது?"

"அதை மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லி, கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.