அரசாங்கத்துக்குச் சொந்தமான சத்தம்

கல்முனையில் வாய்க்கால் மேற்பார்வைக் கந்தோர் என்று ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது. வாய்க்கால்களை மேற்பார்வை செய்வது அதன் கடமை. அந்தக் கடமையைச் செய்வதற்கு அதனிடம் ஒரு ஜீப் இருந்தது. அந்த ஜீப்புக்கு ஒரு சத்தம் இருந்தது.

சும்மா சத்தம் அல்ல. "கட கட கட, லொடக்" என்று ஒழுங்கு முறைப்படி அமைந்த சத்தம். ஜீப் பெரிய பாலத்தடியில் வரும்போதே சத்தம் நாவிதன்வெளி வயல் வட்டைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிறகுதான் ஜீப் போகும். அதற்கிடையில் வயலுக்குக் களவாகத் தண்ணீர் திறந்திருப்பவர்கள் மடையை அடைத்துவிடுவார்கள். தண்ணீரைக் காவல் செய்யும் வட்டவிதானையார் எழும்பி முகம் கழுவிக்கொண்டு வரம்பில் நிற்பார். அதிகாரி வந்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதிகாரி எழுதுவார். இப்படியே பல வருடங்களாக வாய்க்கால்கள் சிறந்த முறையில் மேற்பார்வை செய்யப்பட்டு வந்தன.

எண்பத்திரண்டாம் ஆண்டு கனகரெத்தினம் என்ற புதிய அதிகாரி மாற்றலாகி வந்தார். நல்ல மனிதர். ஆனால் தலையிடிக்காரர்; கொஞ்சம் சத்தம் கேட்டாலே மண்டை வலிக்கும். முதல் நாள் ஜீப்பில் ஏறி இறங்கியவர், சாரதி முருகேசுவைக் கூப்பிட்டார்.

"முருகேசு, இது என்ன சத்தம்?"

"ஜீப்புட சத்தம் ஐயா."

"இதை எடுக்க ஏலாதா?"

"ஒருத்தரும் இதுவரைக்கும் எடுக்கச் சொல்லல்ல ஐயா."

அடுத்த நாள் காலை ஜீப் மெக்கானிக் உதுமாலெவ்வை பாஸின் கராஜுக்கு வந்தது. கராஜ் என்றால் அக்கரைப்பற்று றோட்டோரத்தில் நாலு தென்னங்குற்றி, மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்த மண். பாஸ் காதால் வைத்தியம் பார்க்கிறவர். வாகனம் வளவுக்குள் திரும்பும்போதே நோயைச் சொல்லிவிடுவார். அவருடைய சொந்த வேன் பதினெட்டு வயதுக் கிழம். ஆனாலும் பூனை நடந்த மாதிரித்தான் ஓடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

ஜீப்புக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்தார். பின் ஸ்பிரிங்கில் இறப்பர் புஷ் தேய்ந்து அப்பளமாகிக் கிடந்தது. சைலன்சரைப் பிடிக்கிற நட்டு கழன்று தொங்கியது. புஷ்ஷை மாற்றினார், நட்டை இறுக்கினார், தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அவருடைய மனைவி சுபைறாவுக்குத்தான் கையெழுத்து அழகு. பில் அவள்தான் எழுதுவாள். "என்ன எண்டு எழுத?" என்று கேட்டாள்.

"சத்தம் எடுத்தது எண்டு எழுது புள்ள."

சுபைறா அழகாக எழுதினாள்: "ஜீப்பில் இருந்த சத்தம் எடுத்தது."

அடுத்த நாள் கனகரெத்தினம் தலையிடி இல்லாமல் நாவிதன்வெளிக்குப் போனார். ஜீப் மட்டும் போனது. சத்தம் முன்னால் போகவில்லை. வட்டவிதானையார் மருத மரத்தடியில் வாயைத் திறந்தபடி நித்திரை. பக்கத்தில் கந்தோர்க் காவலாளிகள் மூன்று பேர் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியைக் கண்டதும் மூன்று பேரும் எழும்பினார்கள். ஒருவன் கையிலிருந்த ராசாவைக் கீழே வைக்க மறந்து, அதோடேயே சலாம் வைத்தான். மேட்டுப் பக்கம் ஒரு மடை வாய் நிறையத் திறந்து, ஒரு வயல் குளமாகிக் கிடந்தது.

"இது யாருட வயல்?"

முருகேசுதான் மெதுவாகச் சொன்னார். "நம்முட களஞ்சியப் பொறுப்பாளர் சரீப் சேருட வயல், ஐயா."

கனகரெத்தினத்துக்கு வியர்த்தது. அவர் நேர்மையானவர்தான், ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. கண்ணால் கண்ட குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. குற்றவாளிக்கு ஒரு விசாரணை, விசாரணைக்கு ஓர் அறிக்கை, அறிக்கைக்கு ஆறு பிரதி. கண்டும் காணாமல் போவதற்கு மட்டும்தான் விதி எதுவும் இல்லை. அன்றிரவு அவருக்குத் தலையிடி இல்லை. நெஞ்சுதான் இடித்தது.

காலையில் களஞ்சியப் பொறுப்பாளர் சரீப் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"சேர், இதில ஒரு பாரதூரமான விசயம் இரிக்கி. சத்தம் எடுத்தது எண்டு போட்டிரிக்கி. அரசாங்க வாகனத்தில இரிந்து கழட்டுற எந்தப் பொருளும் களஞ்சியத்தில ஒப்படைக்க வேணும். சுற்றுநிருபம் இரிக்கி."

"ஓம், அதுக்கென்ன?"

"சத்தம் களஞ்சியத்துக்கு வரல்ல, சேர்."

கனகரெத்தினம் அவரை நிமிர்ந்து பார்த்தார். சரீப்பும் அவரைப் பார்த்தார். சத்தம் திரும்பி வந்தால் மடைகளும் முன்போல நேரத்துக்கு அடைபட்டிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது சும்மா விடுற விசயமில்லை, மிஸ்டர் சரீப்."

அன்று பின்னேரமே சரீப் கராஜுக்கு வந்தார்.

"பாஸ், ஜீப்பில எடுத்த சத்தத்த எங்க வெச்சிரிக்கீங்க?"

உதுமாலெவ்வை பாஸ் ஒரு கார்பரேட்டரை ஊதிக்கொண்டிருந்தார். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். சரீப் சிரிக்கவில்லை. சுபைறாவும் வீட்டுக் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சேர், சத்தம் எண்டா... அது போயிடும். வெக்கிற சாமான் இல்லயே."

"போயிடுமா? எங்க போகும்? ஆருக்கு வித்தீங்க?"

"வல்லாஹி, நான் ஒருத்தருக்கும் விக்கல்ல! ஆரு சத்தம் வாங்குவாங்க?"

"அது விசாரணையில தெரிய வரும்."

"பழைய புஷ் இரிக்கி. அதத் தாறன், கொண்டு போங்க."

"பில்லில புஷ் எண்டு இல்ல. சத்தம் எண்டுதான் இரிக்கி. நாளைக்கு நீங்க புஷ்ஷத் தந்து, நான் சத்தம் எண்டு பதிஞ்சா, அது மோசடி."

கராஜுக்கு முத்திரை வைப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. வந்து பார்த்தால் கராஜுக்குக் கதவில்லை. கதவு இல்லாத இடத்தில் முத்திரை வைக்க முடியாது. ஆகவே ஒரு கதவு போடுவதற்கு அனுமதி கேட்டு எழுதப்பட்டது. அனுமதி வரும்வரைக்கும் பாஸின் ஸ்பனர் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து, அதைக் கந்தோருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று பாஸ் முதன்முதலாகப் பயந்தார். ஸ்பனர் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். வளவில் ஒரு லொறி, இரண்டு கார், ஓர் உழவு மெசின் வயிறு திறந்தபடி கிடந்தன. சொந்தக்காரர்கள் வந்து வந்து ஏசிவிட்டுப் போனார்கள். சோறு இறங்கவில்லை.

"இஞ்சாருங்க," என்றாள் சுபைறா. "அவங்க கேக்கிறத்தக் குடுத்துடுங்களன்."

"என்னத்தக் குடுக்கிற? சத்தத்தையா?"

"ஓம். எடுக்கத் தெரிஞ்ச மனிசனுக்குத் திரும்பப் பூட்டத் தெரியாதா?"

பாஸுக்கு அது நெஞ்சில் குத்தியது. முப்பது வருடம் அவர் நட்டை இறுக்கித்தான் சீவித்தவர். இறுக்கின நல்ல நட்டைக் கழற்றுவது, சுகமான பிள்ளைக்குக் காய்ச்சல் ஊசி போடுகிற மாதிரி இருந்தது. ஆனால் வேறு வழி இல்லை. கந்தோர் முற்றத்தில், கந்தோர் ஆட்கள் சுற்றி நிற்க, முருகேசு ஜீப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த ஸ்பனரோடு ஜீப்பின் கீழே படுத்தார். புதிய புஷ்ஷை எடுத்தார், பழைய அப்பளத்தைப் போட்டார், நட்டைத் தளர்த்தினார். முருகேசு ஜீப்பை ஒரு சுற்று ஓட்டினார்.

"லொடக், கட கட கட."

சத்தத்தை அடையாளம் காண்பதற்கு நியமிக்கப்பட்ட, வட்டவிதானையாரும் அடங்கிய மூவர் குழு கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"முருகேசு, இது களவு போன அதே சத்தம்தானா?" என்று கனகரெத்தினம் கேட்டார்.

முருகேசு யோசித்தார். "ஐயா, பழைய சத்தத்தில லொடக் கடைசியாத்தான் வரும். இதில முதல்ல வருது."

"அப்ப இது வேற சத்தம்!" என்றார் சரீப். "அசலக் குடுக்காம போலியக் குடுக்கப் பாக்கிறாரு!"

பாஸ் மறுகா கீழே போனார். நட்டைக் கால் திருப்பு திருப்பினார். ஜீப் ஓடியது. "கட கட கட, லொடக்."

குழு கைதட்டியது. வட்டவிதானையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தம் நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டதாகக் கையெழுத்து வைத்தார்கள். முத்திரையை உடைத்து ஸ்பனர் பெட்டியைத் தந்தார்கள். "சத்தம் பூட்டியது" என்று சுபைறா எழுதிய இரண்டாவது பில்லுக்கு, முதலாவதைவிட இரண்டு மடங்கு காசை ஒருவரும் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அக்கரைப்பற்று நெல் வியாபாரி அப்துல் கபூர் முதலாளி கராஜுக்கு வந்து இறங்கினார். வெள்ளை நிற ஜப்பான் கார். இறக்குமதி திறந்துவிட்ட காலத்தில் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. இன்னும் சீற்றுக்குப் போட்ட பொலித்தீனைக் கழற்றவில்லை.

"காரில என்ன வருத்தம், முதலாளி?"

"வருத்தம் ஒண்டுமில்ல. அதுதான் வருத்தம்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவு காசக் குடுத்து வாங்கி, சந்தியால போனா ஒரு மனிசன் திரும்பிப் பாக்கிறானில்ல. கந்தோர் ஜீப் வந்தா நாய் கூட எழும்பி நிக்கிது. எனக்கு அந்தச் சத்தத்தில ஒண்டு போட்டுத் தாங்க."

"முதலாளி, இது புத்தம் புதுக் கார்!"

"புதுக் காருக்குப் புதுச் சத்தமாப் போடுங்க. காசப் பத்திக் கதைக்காதீங்க."

பாஸ் மறுத்தார். முதலாளி கெஞ்சினார். கடைசியில் பாஸ் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு நட்டைத் தளர்த்தினார். முதலாளி அக்கரைப்பற்றுச் சந்திக்குள் "கட கட கட, லொடக்" என்று நுழைந்தபோது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். ஒரு கிளாக்கர் சைக்கிளிலிருந்து இறங்கியே நின்றார்.

அதற்குப் பிறகு பாஸுக்கு நிமிர நேரமில்லை. சவூதியிலிருந்து வந்தவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், றோட்டுப் போடுகிற கொந்திராத்துக்காரர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். வசதி குறைந்தவர்களுக்கு இரண்டு "கட"வும் ஒரு "லொடக்"கும் மட்டும். மாப்பிள்ளை கார் சத்தமில்லாமல் வந்தது என்று ஓர் இடத்தில் பெண் வீட்டார் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முன்பு நட்டு இறுக்க வருகிறவர்கள் காசைக் குறைக்கச் சொல்லி அரை நாள் கதைப்பார்கள். நட்டுத் தளர்த்த வந்தவர்கள் கேட்டதைக் கொடுத்து, தேத்தண்ணிக்கும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கல்முனையிலிருந்து கோமாரி வரைக்கும் கரையோரம் முழுக்க லொடக்கியது. நாவிதன்வெளியில்தான் பெரும் பாடு. எந்தச் சத்தம் கந்தோர்ச் சத்தம் என்று வட்டவிதானையாருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு லொடக்குக்கும் எழும்பி ஓடினார். களவு மடைக்காரர்கள் ஒரு நாளைக்கு நாற்பது முறை அடைத்து நாற்பது முறை திறந்து பார்த்தார்கள். கடைசியில் களைத்துப்போய் அடைத்தபடியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் போக இடமில்லாமல், போக வேண்டிய இடத்துக்கே போனது. அந்தப் போகம் கடைசி வாய்க்கால் வயல் கண்டங்கள் கூட விளைந்தன. கனகரெத்தினத்துக்குச் சிறந்த மேற்பார்வைக்கான நற்சான்றிதழ் கிடைத்தது.

நற்சான்றிதழ் கிடைத்ததும் கந்தோர் விழித்துக்கொண்டது. சத்தம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது, தனியார் அதைப் பாவிப்பதற்கு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ஒருவர் கூட எதிர்க்கவில்லை. இரண்டு கிழமையில் எல்லா வாகனத்திலும் அனுமதிப்பத்திரம் கண்ணாடிக்குள் தொங்கியது.

ஒரு நாள் பாஸும் சுபைறாவும் அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்குத் தங்கள் வேனில் புறப்பட்டார்கள். ஊரில் சத்தமில்லாமல் ஓடுகிற ஒரே வாகனம் அதுதான். ஊருக்கெல்லாம் நட்டைத் தளர்த்தியவர் தன்னுடையதில் மட்டும் கை வைக்கவில்லை. வழியில் ஒரு சந்தியில் பொலிஸ்காரர் கையை நீட்டினார்.

"சத்தம் எங்க?"

"சத்தம் இல்ல, சேர். நல்ல வாகனம்."

"எல்லா வாகனத்திலயும் இரிக்கி, இதில மட்டும் எப்பிடி இல்லாமப் போகும்? பத்திரம் எடுக்காம எங்கயோ ஒளிச்சி வெச்சிரிக்கீங்க. இறங்குங்க, சோதிக்கணும்."

பின்னால் வாகனங்கள் லொடக்கிக்கொண்டு நின்றன. தன் கையால் கெடுக்காமல் விட்ட ஒரேயொரு நல்ல வேலைக்கு நடுறோட்டில் கணக்குக் கேட்கிறார்களே என்று நினைத்தபடி பாஸ் இறங்குவதற்குக் கதவில் கை வைத்தார். அப்போது பட்டுச்சேலையோடு பக்கத்தில் இருந்த சுபைறா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வாயைத் திறந்தாள்.

"கட கட கட, லொடக்!"

பொலிஸ்காரர் துள்ளி ஒதுங்கி சலூட் அடித்தார். வேன் போனது.

"பத்திரம்?" என்று பாஸ் பயத்தோடு கேட்டார்.

"அறிவித்தல நான் வாசிச்சன். வாகனச் சத்தத்துக்குத்தான் பத்திரம். வாய்ச் சத்தத்துக்கு இல்ல," என்றாள் அவள். பாஸ் சிரிக்கத் தொடங்கினார். அக்கரைப்பற்று வரும்வரைக்கும் நிறுத்த முடியவில்லை.

இந்தச் சங்கதி ஊருக்குள் பரவ ஒரு பொழுது போதுமாக இருந்தது. சைக்கிள்காரர்கள் தொடங்கினார்கள். பிறகு மாட்டு வண்டிக்காரர்கள். பிறகு நடந்து போகிறவர்கள். இப்போது தபால் கந்தோர் வரிசையில் பின்னால் நிற்கிறவர் "கட கட கட, லொடக்" என்று சொன்னால் முன்னால் நிற்கிறவர்கள் தாமாகவே விலகுகிறார்கள்.

இதெல்லாம் கூடாது, மனிதர்களுக்கு மானம், வெட்கம் வேண்டும் என்று நான் பலரிடம் சொல்லி வருகிறேன். நேற்று மழைக்குள் கந்தோர் வாசலால் நடந்து போனபோது, பக்கத்தில் ஒருவரும் இல்லாததால், நானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். காவலாளி எழும்பி நின்றார்.

நல்லாத்தான் இருந்தது.