பட்டியலில் முதல் பெயர்

“நாலு பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இருக்கிறது அஞ்சு இடம்,” என்றார் டெண்டர் ஐயா.

“இன்னும் ஒருத்தரைப் பிடிச்சுட்டா அஞ்சாயிடும் ஐயா,” என்றார் செயலாளர்.

“அஞ்சு இடத்துக்கு அஞ்சு பேர்னா அதுல போட்டி எங்க இருக்கு? போட்டி இல்லாத டெண்டரை என் சர்வீஸ்ல நான் திறந்ததே கிடையாது. ஆறு பேர் நிக்கணும். இல்லாட்டி தேர்தல் ரத்து. பழைய குழுவே இன்னும் ரெண்டு வருஷம் ஓட்ட வேண்டியதுதான்.”

செயலாளர் அவசரமாக உறுப்பினர் பட்டியலைப் புரட்டினார். பழைய குழுவில் அவரும் ஒருவர்.

ரோடு, பாலம், குடிநீர், சாக்கடை, சிக்னல் என்று ஊருக்கு மேலேயும் கீழேயும் ஓடுகிறவற்றைக் கட்டிக் காப்பாற்றும் இன்ஜினியர்களின் சங்கம் அது. வருஷத்துக்கு ஒரு மாநாடு, மாதத்துக்கு ஒரு சொற்பொழிவு, இரண்டிலும் யாரும் கேட்காத நன்றியுரை. இதையெல்லாம் நடத்த ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு. குழு போட்டோவில் உட்கார ஆள் உண்டு. நாற்காலி எண்ணி வாங்க, மைக்கைத் தட்டிப் பார்க்க, எல்லோரும் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டு மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஆள் கிடையாது. அந்த வேலைக்குச் செயலாளர் என்று பெயர். பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற இந்த மனிதர் மூன்று முறை குழுவுக்கு ஜெயித்தார், மூன்று முறையும் சாவி அவர் பையில்தான் வந்து விழுந்தது.

டெண்டர் ஐயா தேர்தல் அதிகாரி. ஒப்பந்தப் பிரிவில் காலமெல்லாம் உறை பிரித்து ஓய்வு பெற்றவர். எவனிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்காதவர். முதல் தடவை கூப்பிட்டபோது, “எனக்குத் தேர்தல் எல்லாம் தெரியாதேப்பா,” என்று பின்வாங்கினார். “டெண்டர் நடத்துற மாதிரியே நடத்துங்க ஐயா, அதைவிட நேர்மையா யாரு நடத்தப்போறா,” என்று செயலாளர்தான் தேற்றினார். அன்றிலிருந்து அவர் அரக்கும் கத்தரிக்கோலுமாக வந்து நேர்மையாக நடத்திக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் மனைவி பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தேர்தல் அன்னைக்கு ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கேன். இது பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு மாநாடு, மாநாடுன்னு இங்கேயே கிடந்தீங்க. அப்புறம் போய் நின்னப்ப பேரன் தானா நடந்து வந்து, இந்தத் தாத்தா யாருன்னு என்னைக் கேட்டான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு,” என்றார். அது மறக்கிற விஷயமில்லை. பேரன் அவரிடம் வராமல் அன்று முழுக்க பக்கத்து வீட்டுக்காரரிடமே இருந்தான்.

“இந்தத் தடவையும் சங்கம்னு சொன்னீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க சீட்டுல என் பையை வச்சுக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நான் வர்றதுக்கும் நாளாகும்.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தாமல் சொன்னதுதான் அவருக்கு உறைத்தது.

“நானா ஆசைப்பட்டுப் போறேன்? எனக்கும் அலுத்துப்போச்சு. அவங்க என்னை விட்டாத்தானே? மூணு தடவையும் ரிசல்ட் வாசிக்கிறப்ப முதல் பேரு என் பேருதான், தெரியுமா?”

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் அலுப்பு இல்லை. ஓட்டு எண்ணிக்கையை வெளியே சொன்னால் தோற்றவர்கள் மனம் நோகும் என்று சங்கத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. டெண்டர் ஐயா வெளியே வந்து வரிசைப்படி ஐந்து பெயர்களை வாசிப்பார், அவ்வளவுதான். அந்த வரிசையின் தலையில் மூன்று முறை நின்றது, கட்டிய பாலங்களைவிட அவருக்குப் பெரிய பெருமை.

“அப்படி என்ன பிரியமோ உங்க மேல,” என்றாள் மனைவி, புடவையை மடித்துக்கொண்டே. “அதுல ஒருத்தர்கூட நம்ம வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து நான் பார்த்ததில்லை.”

மறுநாள் காலையிலிருந்து செயலாளர் போனும் கையுமாக உட்கார்ந்தார். பழைய குழுவில் மற்ற நால்வரும் போட்டோ ஆசையில் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார்கள்: ரோட்டுக்காரர், கூட்டம் தொடங்கியதுமே தூங்கிவிடும் சாக்கடை இன்ஜினியர், எதற்கெடுத்தாலும் மேஜையைக் குத்தும் நில அளவைக்காரர், எந்த முடிவும் எடுக்காத சிக்னல்காரர். புதிதாக இரண்டு பேர் வேண்டும்.

சுரங்கப்பாதை இன்ஜினியர், “சார், நான் பூமிக்கு அடியில இருக்கேன், டவர் இல்லை, எதுவும் கேக்கலை,” என்றார். பின்னால் டிவி நாடகத்தில் ஒரு மாமியார் அழுவது செயலாளருக்குத் தெளிவாகக் கேட்டது. கட்டட வரைபடக்காரர், டாக்டர் தன்னைக் கூட்டங்களில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். என்ன நோய் என்று கேட்டதற்கு, “அதைத்தான் அவரும் யோசிக்கிறார்,” என்று வைத்துவிட்டார்.

சாப்பாட்டு வேளையில் குடிநீர் இன்ஜினியர் மேடம் போனை எடுத்தார். யார் வீட்டில் குழாய் வறண்டாலும் தானே வந்து நிற்கிறவர். சங்கத்தில் அவரைப் பிடிக்காத ஆள், ரோட்டுக்காரரைத் தவிர, கிடையாது. அவர் தயங்குவதைக் கேட்டுச் செயலாளர் தைரியம் சொன்னார்.

“சும்மா பேருக்குத்தான் மேடம். பயப்படாதீங்க, நீங்கல்லாம் ஜெயிக்க மாட்டீங்க.”

மேடத்தின் தயக்கம் போன இடம் தெரியவில்லை.

“ஏன் ஜெயிக்க மாட்டேன்?”

“இல்லை மேடம், நான் சொன்னது என்னன்னா...”

“இன்னைக்கு சாயந்தரமே மனு தர்றேன் சார். ஜெயிச்சும் காட்டுறேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாலும் ஆள் கிடைத்ததே என்று செயலாளர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டார். அடுத்த வாய்க்குள் ரோட்டுக்காரர் வாசலில் நின்றார், மனுவை வாபஸ் வாங்க.

“அந்தம்மா நிக்கிறாங்களாமே. போன மாசம் புது ரோடு போட்டேன் சார். தார்ச் சூடு ஆறலை. விடிஞ்சு போய்ப் பார்த்தா நட்ட நடுவுல ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள இவங்க ஆளுங்க. என்னம்மான்னு கேட்டா குழாய்ல கசிவுங்கிறாங்க. ரோடு போடுறதுக்கு முந்தின நாள் கசியாத குழாய், போட்ட மறுநாள் கசியுமா? ஒரே மேஜையில என்னால உக்கார முடியாது.”

“கொஞ்சம் விட்டுக் குடுங்க. நீங்க போயிட்டா மறுபடி நாலு பேராயிடும்.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. நீங்களும் நில்லுங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க உக்காந்தா, நான் பொறுத்துக்கிறேன். இல்லைன்னா என்னை விட்டுடுங்க.”

செயலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேடத்தோடு ஐந்து, தன்னோடு ஆறு. தேர்தல் நடக்கும். ஆறு பேரில் தோற்கப்போவது ஒரே ஒருவர். அந்த ஒருவர் தானாக இருந்துவிட்டால், சட்டப்படி, கௌரவமாக ரயில் ஏறிவிடலாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“நிக்கிறீங்களா?” என்றாள் மனைவி.

“தோக்குறதுக்காக நிக்கிறேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அதையாவது ஒழுங்கா செய்றீங்களான்னு பார்ப்போம்.”

செயலாளர் வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தனக்கு ஓட்டுப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விளைவு விபரீதமானது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா?” என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாள் இந்த மனிதரைத் தவறாக நினைத்துவிட்டோம் என்று இன்னொருவர் கண் கலங்கினார். அப்படி என்ன தவறாக நினைத்தார் என்று கேட்கத் தோன்றியது, நேரமில்லாமல் விட்டுவிட்டார். ரோட்டுக்காரர் வேறு போன் செய்து, “உங்க அலை அடிக்குது சார்,” என்றார். செயலாளருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இனி அடக்கம் உதவாது என்று தெரிந்தது. வேட்பாளர்கள் பேசும் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

“நான் ஜெயிச்சா மாசம் ஒரு சொற்பொழிவுங்கிறதை வாரம் ஒண்ணாக்குவேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

“வராதவங்க அடுத்த வாரம் ரெண்டு தடவை வரணும். சந்தாவை ரெட்டிப்பாக்குவேன். மாநாட்டுல மதியச் சாப்பாடு கிடையாது. வயிறு நிறைஞ்சா நீங்க தூங்குறீங்க.”

தூங்கிக்கொண்டிருந்த சாக்கடை இன்ஜினியரே விழித்துக்கொண்டார். செயலாளர் இறங்கி வந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

தேர்தல் நாளன்று உறுப்பினர்கள் ஆறு பெயர்களில் தங்களுக்குப் பிடித்தவர்களுக்கு, ஐந்துக்கு மிகாமல், டிக் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, டெண்டர் ஐயாவின் கையில் கொடுத்தார்கள். தேர்தல் முடிந்ததும் ஒவ்வொருவராகச் செயலாளரிடம் வந்தார்கள்.

“மன்னிச்சிடுங்க சார். உங்களுக்குப் போடலை.”

“பரவாயில்லை, பரவாயில்லை. நானே எனக்குப் போடலை.”

“ஞாயித்துக்கிழமைன்னு சொல்லாம இருந்திருந்தாக்கூட யோசிச்சிருப்பேன் சார்.”

“நல்ல காரியம் பண்ணீங்க.”

வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். பத்துப் பேராவது கொஞ்சம் தயங்கியிருக்கலாம் என்று அவர் மனதில் ஒரு மூலையில் சுருக்கென்றது. ஆனாலும் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மனைவிக்குப் போன் செய்தார்.

“டிக்கெட்டை எடுத்து வெளியில வை. தோத்துட்டேன்.”

“சொல்லிட்டாங்களா?”

“சொல்லப் போறாங்க. நானே எண்ணின மாதிரிதான்.”

“பேரனுக்கு அந்த மரத்துல செஞ்ச பாலம் எடுத்துக்கவா? நீங்க செஞ்சது?” அவள் குரல் இப்படிக் குழைந்து அவர் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

“எடுத்துக்கோ. நானே அவன் கையில குடுக்கிறேன்.”

பின்னறைக் கதவு திறந்தது. டெண்டர் ஐயா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார்.

“நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானவர்கள், வரிசைப்படி வாசிக்கிறேன். முதலாவதாக, நமது செயலாளர்.”

யாரும் கை தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது நில அளவைக்காரர், மூன்றாவது சாக்கடை இன்ஜினியர், பிறகு சிக்னல்காரர், கடைசியாக ரோட்டுக்காரர். குடிநீர் மேடம் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

“ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்,” என்றார் வரைபடக்காரர், பக்கத்திலிருந்தவரிடம். “நான் இந்த அஞ்சு பேருக்கும் என்னைக்குமே மனசாரப் போட்டதில்லை. எவன்தான் போடுறான்னு தெரியலை.”

செயலாளர் பின்னறைக்கு ஓடினார். டெண்டர் ஐயா கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, எனக்கு எத்தனை ஓட்டு?”

“அதை வெளியில சொல்றதில்லையே.”

“என் ஓட்டைத்தானே கேக்குறேன். சொல்லுங்க.”

“ஒண்ணே ஒண்ணு.”

அது ரோட்டுக்காரராகத்தான் இருக்கும். “மேடத்துக்கு?”

“ஒருத்தரைத் தவிர அத்தனை பேரும் போட்டிருக்காங்க.” டெண்டர் ஐயா உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப அதிகம். கட்டுப்படியாகாது.”

“ஒரு ஓட்டு வாங்கின நான் எப்படி ஐயா முதல்ல வர்றேன்?”

“குறைச்சலா வந்தவங்களுக்குத்தானே குடுக்கணும்? டெண்டர் மாதிரியே நடத்துங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

செயலாளர் கேட்டதை மனதுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அவர் முகம் மெல்ல மலர்ந்தது. இது தப்பு. தப்பென்றால் திருத்திவிடலாம். திருத்தினால் மேடம் உள்ளே, அவர் வெளியே. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார்.

“ஆட்டோ வந்து நிக்குது,” என்றாள் மனைவி. “என்ன சொல்லட்டும்?”

“நிக்கச் சொல்லு. இதோ வந்துக்கிட்டே இருக்கேன்,” என்றவர் டெண்டர் ஐயாவின் கையைப் பிடித்து இழுத்தார். “தேர்தல்ல அதிகமா வாங்கினவங்கதான் ஐயா ஜெயிக்கணும். வாங்க, எல்லாரும் கலையுறதுக்குள்ள மேடையில ஏறித் தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிடுவோம்.”

டெண்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“தாராளமா சொல்லிடுவோம், எனக்கென்ன. முன்னாடி மூணு தடவை உங்க பேர் எப்படி முதல்ல வந்துச்சுன்னு கேப்பாங்க, அதையும் சேர்த்தே சொல்லிடலாம்ல?”