சில்லி கொட்டாத வண்டி

"இன்னும் எத்தனை நாளைக்கு வண்டி இப்படிப் பின்சக்கரம் இல்லாம நிக்கப் போகுது?" என்று ஒலீட்டா கேட்டபோது, அவள் கணவர் வெர்லின் ஸ்டக்கியின் பூட்ஸ்கள் மட்டுமே பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே தெரிந்தன.

"சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்" என்றன பூட்ஸ்கள்.

"போன வாரமும் இதைத்தான் சொன்னே. அது எந்தச் சனிக்கிழமை?"

பூட்ஸ்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

வருகிற சனிக்கிழமை சர்ச்சில் சில்லிப் போட்டி. மாட்டுக்கறியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைக்கிற சமாச்சாரம். அதில் ஒரே ஒரு பீன்ஸ் விழுந்தாலும் டெக்ஸாஸில் அந்த வீட்டோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெர்லின் ஆறு வருஷமாகப் பெயர் கொடுக்கிறார். ஆறு வருஷமாக அவர் சில்லியை நடுவர்கள் ஒரு கரண்டிகூட ருசி பார்த்ததில்லை.

குற்றம் ரோட்டினுடையது. வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் மூன்று மைல் சரளைச் சாலை, கோடு போட்ட நோட்டு மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமும். பின்னால் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் பிளேட் வைத்த பழைய வண்டி அதில் குதிக்கிற குதியில் பானை கவிழ்ந்துவிடும். கயிறு போட்டுக் கட்டியும் பார்த்தார். பானை நின்றது, உள்ளே இருந்தது நிற்கவில்லை. ஒலீட்டாவின் மடியில் வைக்கலாமென்றால், சர்ச்சுக்குப் போகிற கவுனாம், முடியாதாம். சில்லி கொட்டிக் காய்ந்த இடங்களில் வண்டியின் பெயிண்ட் உரிந்துவிட்டது. "அவ்வளவு காரசாரம்!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார் வெர்லின்.

பெரிய இரும்பு பிளேடை இறக்கி ரோட்டைச் சுரண்டிச் சமப்படுத்துகிற மெஷினை ஓட்டுபவர் டெல்மர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மெஷினை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவார். ஒலீட்டா அவருக்கென்றே பீக்கான் பருப்பு போட்ட கேக் சுட்டுவைத்திருப்பாள்.

"எங்க ரோட்டை எப்பய்யா பண்ணப் போறே?" என்பார் வெர்லின்.

"லிஸ்ட்ல இருக்கு" என்பார் டெல்மர், வாயில் கேக்கோடு.

ஜில்லாவில் மற்ற எல்லா ரோடும் கண்ணாடியாக மின்னியது. "எத்தனை கேக் சுட்டுப் போட்டாலும் அந்தப் பயலுக்கு நன்றியே கிடையாது. நீயும் விடாம சுட்டுக்கிட்டே இருக்கே" என்று வெர்லின் அங்கலாய்ப்பார். ஒலீட்டாவின் தளராத முயற்சியை நினைத்து அவருக்கு உள்ளூர நெகிழ்ச்சிதான்.

கடைசியில், ரோட்டை மாற்ற முடியாவிட்டால் வண்டியை மாற்றுவது என்று முடிவு செய்தார். பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் மாட்டிக்கொண்டு சேர்ந்து குதிக்காமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்குகிற சஸ்பென்ஷன். அதன் பாகங்கள் பெட்டியில் வந்த அன்றே பழைய பிளேட்டுகளைத் தாங்கும் கொக்கிகளைக் கேஸ் வைத்து அறுத்துப் போட்டார்.

விஷயம் பரவி, பாஸ்டர் லைல் நேரிலேயே வந்துவிட்டார். "பழைய வண்டிக்கு என்ன குறை, பிரதர்? ஆண்டவர் சித்தம் இருந்தா சில்லி தானா வந்து சேரும்."

"ஆறு வருஷமா சித்தம் வரலையே, பாஸ்டர்!"

பாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது.

முதல் சிக்கல் சைலன்சர். புதிய சஸ்பென்ஷனின் இரும்புச் சட்டம் உட்காருகிற இடத்தில் அதன் குழாய் குறுக்கே போயிற்று. வெர்லின் குழாயைப் பாதியில் வெட்டினார். வண்டியைக் கிளப்பியதும் பக்கத்துப் பண்ணை மாடுகள் பதினொன்று வேலியைத் தாண்டி ஓடின. அவற்றைப் பிடித்துக் கட்டுவதில் புதன்கிழமை போயிற்று.

அடுத்தது, எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட். பழசு நீளம், வெட்ட வேண்டும். அளவு டேப்பின் நுனியில் ஒரு அங்குலம் எப்போதோ உடைந்துபோயிருந்தது. அது வெர்லினுக்கு நினைவிருந்தது. ஒலீட்டா டேப்பைப் பிடித்து அளவைச் சொல்ல, அவர் ஞாபகமாக ஒரு அங்குலம் கழித்து எழுதி, பட்டறையில் கொடுத்து வெட்டி வந்தார். மாட்டினால் எட்டவில்லை.

"ஒரு அங்குலம் குறையுதே! நான்தான் உடைஞ்ச அங்குலத்தைக் கழிச்சேனே!"

"அடடா, நானும் கழிச்சுட்டுத்தான் சொன்னேன்" என்றாள் ஒலீட்டா. "விடு வெர்லின். இந்த வருஷம் போட்டி வேண்டாம்னு சொல்லிடலாம்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்!"

பின்சட்டம் முழுவதையும் கழற்றி ஒரு அங்குலம் முன்னால் தள்ளி மாட்டினார். ஷாஃப்ட் எட்டியது. ஆனால் சக்கரமும் முன்னால் வந்து மட்கார்டில் உரசியது. மட்கார்டை வெட்டினார். வலது பக்கம் அரைவட்டமாக வந்தது. இடது பக்கம் என்ன வடிவம் என்று சொல்ல ஜியாமெட்ரியில் பெயரில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு டம்ளர் ஐஸ் டீயைப் பின்னால் வைத்து, சரளைச் சாலையில் போய்த் திரும்பினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர் வாசலில் நின்று அழுதேவிட்டார். "ஒலீட்டா, நாளைக்கு என் சில்லியை ஊரே சாப்பிடப் போகுது!"

"ஆமா" என்றாள் ஒலீட்டா.

சனிக்கிழமை காலை சர்ச்சில் இருந்தவர்களுக்கு வண்டி வருவது முதலில் காதில்தான் விழுந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். வெர்லின் இறங்கி, ராஜா மாதிரி மூடியைத் திறந்தார். பானை விளிம்புவரை நிறைந்திருந்தது.

"கவிழவே இல்லையா?" என்று கேட்ட பாஸ்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒரு சொட்டுக்கூட இல்ல, பாஸ்டர்! எல்லாருக்கும் ரெண்டு தடவை வரும்!"

நடுவர்கள் மூன்று பேர். முதலாமவர் ஒரு வாய் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது அம்மாள் கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவரான பாஸ்டர், தொடர்ச்சியாக நான்கு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் குடித்தார்.

"பாத்தியா? பேச்சே வரல அவங்களுக்கு!" என்று வெர்லின் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

முதல் பரிசான நீல ரிப்பன் வேறு யாருக்கோ போயிற்று. வெர்லினுக்கு, அதுவரை இல்லாத ஒரு பரிசை பாஸ்டர் அங்கேயே உண்டாக்கினார். "விடாமுயற்சிக்கு" என்று மஞ்சள் ரிப்பனைச் சட்டையில் குத்தியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்கார முடியாமல் நின்றவர்களும் அதில் இருந்தார்கள்.

"அடுத்த வருஷம் ரெண்டு பானை!" என்று மேடையிலிருந்து அறிவித்தார் வெர்லின். கைதட்டல் சட்டென்று நின்றது.

அப்போது டெல்மர் ரொட்டியால் நாக்கைத் துடைத்துக்கொண்டே ஒலீட்டாவின் பக்கத்தில் வந்து நின்று, காதோடு சொன்னார்:

"என்மேல கோவிச்சுக்காதீங்க ஒலீட்டா, நீங்க கேட்டுக்கிட்டபடி ஆறு வருஷமா அந்த மூணு மைல்ல நான் பிளேடை இறக்கவே இல்ல, இந்த மனுஷன் வண்டியையே மாத்துவார்னு நான் கனவா கண்டேன்? தயவுபண்ணிக் கேக்கை மட்டும் நிறுத்திடாதீங்க!"