ஆயுத பூஜைக்குக் குளித்த விண்கற்கள்

ஏழு கற்களும் பளபளவென்று இருந்தன. அவற்றின்மேல் வெள்ளை மையில் எழுதியிருந்த நம்பர்களைத்தான் காணோம்.

லேப் அட்டெண்டர் அப்பாசாமி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை, அதனால் கல்லூரியில் இன்றைக்கே பூஜை. தராசு, மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவர், மேசைமேல் இருந்த கற்களை மட்டும் விடுவானேன் என்று சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டார். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரம் ஆக்கச் சொல்லிப் பேராசிரியர் ஜெயந்திமாலா மேடம் எழுதிய சிபாரிசுக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரம் பார்த்தா இந்தச் சுத்தம்?

அவை லேசுப்பட்ட கற்கள் அல்ல. அரபு நாட்டில் லாரி ஓட்டும் உள்ளூர்க்காரர் ஜியாவுல்லா பாலைவனத்தில் கண்டெடுத்துக் கொடுத்த விண்கற்கள். மேடம் ஆறு மாதமாக ஒவ்வொன்றையும் நிறுத்து, காந்தம் வைத்துப் பார்த்து, நம்பர்வாரியாக நோட்டில் எழுதியிருந்தார். இரும்பு கம்மி, கல் ஜாஸ்தி என்று ரகமும் பிரித்தாகிவிட்டது. நாளை அவற்றோடு ஐதராபாத் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்புகிறார்.

"நம்பர்தான் இதுக்குப் பேரு, அப்பாசாமி. மாறிப்போச்சுன்னா ஆறு மாச உழைப்பு குப்பைக்குத்தான்" என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"இன்னா அண்ணே முழிக்கிறே? நோட்டுல எடை இருக்கும் இல்ல? நிறுத்துப் பாரு" என்றாள் பெருக்க வந்த பாஞ்சாலை.

நிறுத்தார். ஒன்றுகூட ஒத்துவரவில்லை.

"கல்லெல்லாம் தண்ணி குடிச்சிருக்கு!"

"அப்ப காய வை."

மின்சார அடுப்பில் காயவைத்தார். அரை மணி கழித்துத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாக மேசைக்கு மாற்றினார். கடைசிக் கல் சுரீரென்று சுட்டது. கைதவறி விழுந்து இரண்டாகப் பிளந்தது.

ஒரு பாதியைத் துணியால் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உடைந்த முகத்தில் கடுகு கடுகாக உருண்டைகள். நடுநடுவே ஊசிமுனை அளவில் இரும்பு மின்னியது. பூமியே இல்லாத காலத்தில், சூரியனைச் சுற்றி வெறும் தூசி சுழன்றபோது உருகி உறைந்த துளிகள் என்று மேடம் சொல்லியிருந்தார். வயது நானூற்றைம்பது கோடி வருஷம். ஜன்னலில் மலை தெரிந்தது. அதைவிடப் பழையது உலகத்தில் எதுவும் கிடையாது என்று பிறந்ததிலிருந்து நம்பியவர் அவர். அந்த மலையே இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை! வேலை, நம்பர், கையெழுத்து எல்லாம் மறந்துபோய் உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் முட்டியது.

"அப்புறம் அழுவலாம் அண்ணே, மேடம் வராங்க!"

அப்பாசாமி பதறிப்போய்ப் பசையைத் தடவி, மேசையிலிருந்த இன்னொரு துண்டை எடுத்து ஒட்டி அழுத்தினார். கனகச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தியா, இம்மி பிசகல!"

"அப்ப என் காலாண்ட கிடக்கறது இன்னா?"

அதுதான் இன்னொரு பாதி. அவசரத்தில் பாதியைத் திருப்பிப் பிடித்து, அதன் பழைய முகத்தில் அவர் ஒட்டியிருந்தது உடையாத வேறொரு கல்லை! பிய்த்துப் பார்த்தார், வரவில்லை. பொரித்தட்டோடு ஜெயந்திமாலா வாசலில் நின்றார்.

அப்பாசாமி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மேடத்தின் முகம் வெளுத்தது. ஒட்டிய கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தப் பாதியின் இன்னொரு பக்கத்தில் மற்றொரு கல்லை வைத்தார். அதுவும் பொருந்தியது. இன்னொன்று, அதுவும்.

"அப்பாசாமி..." என்றார் மேடம். "ஏழும் தனித்தனியா விழுந்ததுனு நெனச்சிட்டிருந்தேன். எல்லாம் ஒரே கல்லு! வானத்துல நெருப்பா எரிஞ்சு வரும்போதே சிதறியிருக்கு. எப்பேர்ப்பட்ட காட்சியா இருந்திருக்கும்! நீங்க தேய்க்கலேன்னா இது தெரிஞ்சிருக்குமா?"

பாஞ்சாலைகூடத் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிபாரிசுக் கடிதத்தை எடுத்தார். ‘அரியதொரு கண்டுபிடிப்புக்குக் காரணமானவர்’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

லீவில் ஊருக்கு வந்திருந்த ஜியாவுல்லா பூஜைப் பொரி வாங்க வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்தார். மேடம் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து, வானம் வெடித்த கதையைச் சொன்னார்.

"வானத்துலயா?" என்றார் ஜியாவுல்லா. "பிளேன்ல வெயிட் ஜாஸ்தினு விடமாட்டேன்னான் மேடம், நான்தான் சம்மட்டியால ஏழா ஒடச்சு, ஊருக்கு வந்த ஏழு பேரு பெட்டியில ஆளுக்கு ஒண்ணா குடுத்தனுப்பினேன்."